இடது மூலை, நாலாம் நம்பர்

மாநிலப் பள்ளிகளுக்கான கபடி இறுதி ஆட்டம் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக என் பிள்ளைகள் இறுதிக்கு வந்திருக்கிறார்கள். பயிற்சியாளரான நான் எங்கே இருந்தேன்? கையில் காய்ச்சல் பார்க்கிற கருவியோடு மில் குடியிருப்பில் கதவு கதவாகத் தட்டி, "வீட்டுல எத்தனை பேரு, யாருக்காச்சும் இருமல் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மூச்சுக்காய்ச்சல் வந்து இரண்டாவது வருஷம். தேர்தல் வந்தாலும் டீச்சர், நோய் வந்தாலும் டீச்சர். அதிலும் பி.டி. டீச்சர் என்றால் சும்மாதானே இருக்கிறாள் என்று முதல் பெயராக எழுதிவிடுவார்கள்.

பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, துணியை வெந்நீரில் முக்கிவிட்டுப் போனை எடுத்தால் ஒன்பது மிஸ்டு கால். எல்லாம் ஒரே நம்பர்.

"நாகஜோதி டீச்சரா? நான் இளம்பரிதி, லீக் கன்ட்ரோல் ரூம்லேர்ந்து. ஆட்டத்தைப் பாத்தீங்களா?"

"ஒம்பதரைக்கே முடிஞ்சிருக்குமே. தோத்துட்டோமா? சொல்லித் தொலைங்க தம்பி."

"முடியல டீச்சர். இன்னும் ஓடிட்டிருக்கு. முப்பத்தாறு - முப்பத்தாறு."

எனக்குப் புரியவில்லை. பெண்கள் ஆட்டம் மொத்தமே அரை மணி நேரம்தான்.

"சமமா முடிஞ்சா கூடுதலா அஞ்சு நிமிஷம். அப்பவும் சமமா இருந்தா இன்னொரு அஞ்சு. அப்படியே போய்ட்டிருக்கு."

"அடப்பாவிகளா, எத்தனை தடவைன்னு கணக்கு வைக்கக்கூட மறந்துட்டீங்களா உங்க மிஷின்ல?"

அவன் பேச்சை மாற்றினான். "கொஞ்சம் பாருங்க டீச்சர், ரெண்டு டீமும் ஒருத்தரையொருத்தர் தொடவே மாட்டேங்கிறாங்க" என்றான்.

தொடாமல் கபடியா என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் கபடியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் மூடியதும் முதலில் செய்தது வீட்டு உடற்பயிற்சிதான். போன் வழியாக நான் எண்ணுவேன், பிள்ளைகள் அடுப்படியில் கயிறு தாண்டுவார்கள். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து சண்டை போடுவார். சுமையா என்கிற பெண் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இறக்கிக்கொண்டே, "டீச்சர், இதுக்கு மார்க் உண்டா?" என்று கேட்பாள். ஆறு மாதம் கழித்துத் தொடுசட்டை வந்தது. அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் ஒரு முழ நீளம் இருக்கும், அதை யாரும் சொல்வதில்லை. சட்டை, கையுறை, காலுறை, கூடவே சுருட்டி எடுத்துப் போகிற ஒரு விரிப்பு. எட்டடிக்கு எட்டடி விரிப்பில் நீங்கள் ஓரடி வைத்தால் திரையில் தெரிகிற மைதானத்தில் நாலடி. அங்கே ஒருத்தி உங்கள் கணுக்காலைப் பிடித்தால் இங்கே காலுறை இறுகும். ஏழு வீட்டிலிருந்து ஏழு பேர் கைகோத்து நிற்கலாம். கைகோத்தால் நிஜமாகவே கை கோத்திருக்கும்.

ஆனால் முதல் மாதமே நாலு தறுதலைகள் அதைக் கண்டபடி பயன்படுத்த, ஆணை போட்டுவிட்டார்கள். தினம் நாற்பது நிமிஷம் பயிற்சி, அப்புறம் லீக் ஆட்டம். அந்த நேரம் முடிந்தால் சட்டை வெறும் துணி.

திரையைத் திறந்தேன். பெண் பிள்ளைகள் என்பதால் முகமோ பெயரோ காட்ட மாட்டார்கள், நம்பர் போட்ட புள்ளிகள்தான். பாடுகிற குரலும் களத்துச் சத்தமும் மட்டும் கேட்கும். எதிரணியிலிருந்து ஒரு புள்ளி "கபடி கபடி" என்று வந்தது. எங்கள் பக்கம் வந்து, கோட்டைத் தாண்டி, விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பிப் போனது. அடுத்து எங்கள் பெண் போனாள். அவளும் அப்படித்தான். இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது தடவை பாயின்ட் எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பாடிப் போனவள் அவுட், எதிரணிக்கு ஒரு பாயின்ட். இவர்கள் மூன்றாவது தடவையும் வெறுங்கையோடு வந்து அவுட் ஆகிறார்கள். உடனே அவர்களும் அதே மாதிரி அவுட் ஆகிறார்கள். முப்பத்தேழு - முப்பத்தேழு.

எனக்கு ரத்தம் கொதித்தது. இதற்குப் பெயர் பேசிவைத்து ஆடுவது. பிடிபட்டால் இரண்டு அணியின் சான்றிதழும் ரத்து. எங்கள் கேப்டன் மகிழினிக்கு அந்தச் சான்றிதழை வைத்துத்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் பிசியோதெரபி சீட்டு.

அதைவிட வயிறு எரிந்தது நாலாம் நம்பரைப் பார்த்து. இடது மூலையில் நிற்கிறவள் அவள். பாடி வருகிறவள் எந்தப் பக்கம் போனாலும் மூலைக்காரி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இவள் நட்டுவைத்த கல் மாதிரி நிற்கிறாள்! எங்கள் நிஜமான மூலைக்காரி யாழிசை வியாழக்கிழமையே நோய் வந்து தனிமை வார்டுக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பதில் வேறு பிள்ளையை இறக்குவதாக மகிழினி சொல்லியிருந்தாள். இதையா அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தேன்?

மகிழினிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஆடிக்கொண்டிருக்கிறவள் எப்படி எடுப்பாள்? வேறு வழியில்லாமல், பதினோரு வருஷமாகப் பேசாத ஒருத்திக்குப் போட்டேன். பெர்னதத், எதிரணிப் பயிற்சியாளர், தூத்துக்குடிப் பக்கம். ஒரு போட்டியில் என் பிள்ளை கோட்டைத் தொட்டாளா இல்லையா என்பதில் வந்த சண்டை அது. தொடவில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

"ஏட்டி, ஒனக்கு வெக்கமா இல்லியா?" என்றுதான் எடுத்தாள். "எம் பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்த? தொடாம ஆடுதாளுவோ."

"நானா? உன் பிள்ளைங்க தொடாம சுத்திட்டுப் போறாங்க, நீ என்னைக் கேக்குறியா?"

"நா காலையில முழுக்க ரேஷன் கடையில வரிசை ஒழுங்குபடுத்துற டூட்டில நின்னேம்ட்டி. இப்பதாம் வந்து பாக்கேன்."

அவளுக்கும் டூட்டியா! சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இரண்டு பயிற்சியாளரும் இல்லாத நேரம் பார்த்து இந்தக் கழுதைகள் ஏதோ செய்திருக்கின்றன. ஆனால் எதற்கு? கோப்பை ஒருத்தருக்குத்தான் கிடைக்கும். சமமாகவே ஆடி யாருக்கு என்ன லாபம்? கோபத்தை மீறி அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

இளம்பரிதியைக் கூப்பிட்டேன். "யார் யாரைத் தொட்டாங்கன்னு சட்டையில பதிவாகும்ல? அதை அனுப்புங்க." கேட்டு முடிப்பதற்குள் எங்கள் இரண்டு பேருக்கும் அனுப்பிவிட்டான்.

பெர்னதத்தும் நானும் போனைக் காதில் வைத்தபடி அந்தப் பதிவைப் பார்த்தோம். இரண்டு அணிக்கும் நடுவில் தொடுதல் பூஜ்யம். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு கோடு காலை ஒன்பதிலிருந்து அறுபடாமல் ஓடிக்கொண்டிருந்தது. நாலாம் நம்பரின் வலது கை. இருபது நிமிஷம் இரண்டாம் நம்பர் பிடித்திருக்கிறாள், அப்புறம் ஆறாம் நம்பர், அப்புறம் ஏழு. ஆள் மாறுகிறது, பிடி மட்டும் விடவில்லை.

"யாருட்டி அந்த நாலு?" என்றாள் பெர்னதத்.

பயிற்சியாளர் முப்பது செகண்டு டைம் அவுட் கேட்கலாம். கேட்டேன். மகிழினியின் குரல் மூச்சு வாங்க வந்தது.

"டீச்சர், திட்டுறதுன்னா அப்புறம் திட்டுங்க, நேரமில்ல. நாலாம் நம்பர் யாழிசைதான்."

"அவ வார்டுலல்ல இருக்கா?"

"வார்டுலேர்ந்துதான். சட்டை, விரிப்பு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருந்தா. நேத்து பிராக்டிஸ்ல சும்மா சேத்துக்கிட்டு கையைக் கோத்தோம். மூச்சு முட்டுதுன்னு ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் போடுறாளாம் டீச்சர். அந்த நாப்பது நிமிஷம் மட்டும் பிடுங்கலன்னு சிஸ்டர் போன் பண்ணாங்க. இன்னைக்குக் காலைல எட்டு மணிக்கு ஏதோ மருந்து ஏத்திருக்காங்க, அது வேலை செய்யப் பத்து மணி நேரம் ஆகுமாம். அதுவரைக்கும் மாஸ்க் முகத்தை விட்டுப் போச்சுன்னா..." அவள் அழுதாள். "விரிப்பை சிஸ்டர் கட்டில் மேலயே போட்டிருக்காங்க. ஆட்டம் முடிஞ்சா சட்டை ஆஃப் ஆயிரும் டீச்சர். டாஸ் போடுறப்பவே எதிர் கேப்டன்கிட்ட சொல்லிட்டேன். அந்த அக்கா சரின்னுட்டாங்க."

"சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் சமமாவே ஆடப்போறீங்களா?"

"ஆமா டீச்சர்."

"சான்றிதழ் போயிரும்டி."

"தெரியும் டீச்சர்."

முப்பது செகண்டு முடிந்துவிட்டது. நான் கட்டிலில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். போனில் பெர்னதத் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"எம் பிள்ளைகள்ட்ட ஒருத்தி போன வருஷம் நோயில கெடந்து எழும்புனவ. பதினஞ்சு செகண்டுக்கு மேல பாட மாட்டா. அவளும்லா பாடிட்டுக் கெடக்கா" என்றாள். "சரி, அழுது என்ன செய்ய? ஆறு மணி வரைக்கும் யார் எப்ப பாடணும்னு முறை போடுவோம். ஒம் பிள்ளைகள் ஏதாவது தின்னாளுவளா?"

அன்றைக்கு மத்தியானம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் எங்கள் வாழ்க்கையிலேயே விநோதமான ஆட்டத்தை நடத்தினோம். அரை மணிக்கு ஒரு டைம் அவுட். யார் தண்ணீர் குடிக்க வேண்டும், யார் இரண்டு வாய் சோறு சாப்பிட வேண்டும், அடுத்து யார் அவுட் ஆக வேண்டும் என்று பட்டியல். பாடுகிறவள் முழு முப்பது செகண்டு பாட வேண்டியதில்லை, கோட்டைத் தாண்டித் திரும்பினால் போதும் என்று பெர்னதத் கண்டுபிடித்தாள். ஆனால் சீக்கிரம் திரும்பினால் அடுத்தவளின் முறை சீக்கிரம் வந்துவிடும், ஓய்வு குறையும் என்று நான் கண்டுபிடித்தேன். இதற்கும் ஒரு சண்டை. கபடியை எப்படி ஜெயிப்பது என்று ஆயிரம் வழி தெரியும் எனக்கு, எப்படி முடியாமல் பார்த்துக்கொள்வது என்று அன்றைக்குத்தான் படித்தேன்.

என் மடியில் பயிற்சியாளர் கையுறை கிடந்தது. அது ஒரு கை மட்டும். பயிற்சி நேரத்தில் எந்தப் பிள்ளையின் கையையும் தொட்டுப் பிடியைத் திருத்த அதைக் கொடுத்திருக்கிறார்கள். ஆட்டம் ஓடும்போது போட்டால் குற்றம், எதிரணிக்கு ஒரு பாயின்ட் போய்விடும். யார் கை வேண்டுமோ அவள் நம்பரைத் திருப்பி வைக்க மணிக்கட்டில் ஒரு திருகு உண்டு, மத்தியானமே அதில் நாலாம் நம்பரைத் திருப்பி வைத்துவிட்டேன். போடத்தான் முடியவில்லை.

நாலே முக்கால் இருக்கும். நூற்று ஐம்பத்தொன்று - நூற்று ஐம்பத்தொன்று. அந்தக் கூடுதல் நேரத்தின் கடைசிச் சுற்று, எதிரணி முறை. பாடி வந்தது பெர்னதத் சொன்ன அந்தப் பெண்தான், குரலிலேயே தெரிந்தது. பாவம், கால் தடுமாறி சுமையாவின் கைக்கு எட்டுகிற தூரத்தில் விழுந்தாள். சுமையா ஆறு வயதிலிருந்து கபடி ஆடுகிறவள். கைக்குப் பக்கத்தில் கணுக்கால் வந்தால் அவள் கை அவளைக் கேட்காது. பிடித்துவிட்டாள்.

"ஐயோ!" என்று சுமையாவே கத்தினாள்.

நூற்று ஐம்பத்திரண்டு - நூற்று ஐம்பத்தொன்று. எங்களுக்கு. விசில் ஊத நாலு செகண்டு. அடுத்தவள் கோட்டைத் தாண்டவே அதற்கு மேல் ஆகும்.

பொய் சொல்ல மாட்டேன். ஒரு செகண்டு ஆசைப்பட்டேன். பதினெட்டு வருஷம். பெர்னதத்தை ஜெயித்துக் கோப்பை வாங்குகிற பதினெட்டு வருஷக் கனவு தானாகவே வந்து மடியில் விழுந்திருக்கிறது, நான் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். அடுத்த செகண்டு கையுறைக்குள் கையை விட்டு மூடினேன்.

உள்ளங்கைக்குள் ஒரு சின்னக் கை இருந்தது. எலும்பும் தோலுமாக, ஈரம் இல்லை, சூடு இல்லை, அதெல்லாம் இந்தக் கருவிக்குத் தெரியாது. ஆனால் அது யாழிசையின் கைதான், சுண்டுவிரல் பக்கம் வளைந்த கை. விடாமல் இறுக்கினேன். அவளும் இறுக்கினாள்.

சைரன் அலறியது. "வெளியாள் தொடுதல். எதிரணிக்கு ஒரு பாயின்ட்." நூற்று ஐம்பத்திரண்டு - நூற்று ஐம்பத்திரண்டு. கூடுதல் நேரம் ஐந்து நிமிஷம்.

அந்த லீக்கில் எனக்கு அது மூன்றாவது குற்றம். முதல் இரண்டும் என் வாயால் வந்தவை, நடுவரை என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. மூன்று வந்தால் ஒரு வருஷத் தடை. போனால் போகட்டும்.

ஆறு மணிக்குச் சிஸ்டரிடமிருந்து தகவல் வந்தது. காய்ச்சல் இறங்குகிறது, தூங்குகிறாள், மாஸ்க் முகத்தில்தான் இருக்கிறது. "இனி எம் பிள்ளைகளுக்கு மூச்சில்லட்டி" என்றாள் பெர்னதத். என் பிள்ளைகளுக்கும் இல்லை. சுமையா குரலே எழும்பாமல் பாடிக்கொண்டிருந்தாள். இளம்பரிதியைக் கூப்பிட்டு, "போதும் தம்பி, நிறுத்திருங்க" என்றேன். "சரி டீச்சர்" என்றான். திரையை அணைத்துவிட்டுச் சாப்பிடாமலே படுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வார்டுக்குப் போன் செய்தபோது, "பரவால்ல மேடம், அதுக்கப்புறம் மாஸ்க்கைத் தொடவே இல்ல" என்றார் சிஸ்டர். மருந்து நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கள் காலை பதினோரு மணிக்குக் காணொளியில் விசாரணை. தலைவர் ஒரு பழைய நடுவர், வெள்ளை மீசை, சிரிக்கத் தெரியாதவர். திரையின் ஒரு கட்டத்தில் நான், இன்னொன்றில் பெர்னதத், மூன்றாவதில் இளம்பரிதி. முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தேன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது, இரண்டு நாளாகத் தூங்காத கண்.

"விதிப்படி கூடுதல் நேரம் ரெண்டு தடவைதான்" என்றார் தலைவர். "இதுல நூறு தடவை குடுத்திருக்கு. மிஷின் கோளாறா?"

"மிஷின் ரெண்டோட நிறுத்திருச்சு சார்" என்றான் இளம்பரிதி. "மிச்சத்தை நான்தான் அமுக்கினேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏன்?"

"மூணாவது தடவை, என்னதான் பண்றாங்கன்னு பாக்கலாம்னு அமுக்கினேன் சார். தொடவே மாட்டேங்கிறாங்களே, ஏன்னு தெரியணும்னு இருந்துச்சு. அப்புறம் அந்தக் கை பதிவைப் பாத்தேன். அதுக்கப்புறம் அமுக்காம இருக்க முடியல."

"நீயாகவா? யாரும் சொல்லலையா?"

"சொல்லல சார். டீச்சருக்கு நான்தான் போன் பண்ணேன். எனக்கு மட்டும் தெரிஞ்சா தாங்க முடியாதுன்னு தோணுச்சு."

தலைவர் மீசையைத் தடவினார். "வேலை போயிரும்னு தெரியும்ல?"

"தெரியும் சார்."

"சரி. ஆட்டம் எத்தனை மணிக்கு முடிஞ்சுது? பதிவுல முடிஞ்ச நேரம் இல்லையே."

இளம்பரிதி என்னைப் பார்த்தான், அப்புறம் குனிந்துகொண்டான். "முடியல சார். ஆறு மணிக்கு நிறுத்தச் சொன்னாங்க. நிறுத்தத்தான் போனேன். அந்தக் கை இன்னும் பிடிச்சுட்டிருந்துச்சு. அதனால அடிபட்ட ஆளுக்கான டைம் அவுட்னு போட்டேன். அதுக்குக் கன்ட்ரோல் ரூம் ஆள் பேர் போட்டுக் கையெழுத்து வைக்கணும். பகல் பூரா பயந்துட்டு வைக்கல. அப்ப வச்சேன்."

"எத்தனை நேரமா டைம் அவுட்?"

"நாப்பத்தோரு மணி நேரம் சார்."

"அப்போ அந்தச் சட்டையெல்லாம்..."

"ஓடிட்டுதான் சார் இருக்கு. டைம் அவுட்ல யாரும் எந்தப் பக்கமும் போகலாம். பதிமூணு பேரும் முறை போட்டுப் பிடிக்கிறாங்க. ரெண்டு டீமும்."

பெர்னதத் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கழுதைகள் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஆட்டம் முடிந்துவிடும். கைகளை மடியில் இறுக்கிக்கொண்டு அவர் வாயையே பார்த்திருந்தேன்.

"அடிபட்ட ஆள் எப்ப எழுந்திருப்பாங்கன்னு டாக்டர் சொல்றார்?" என்றார்.

"இன்னும் பத்து நாள் ஆகும்ங்கிறாங்க சார்" என்றேன்.

"ஆட்டம் முடியாம விசாரணை நடத்த விதியில இடமில்ல" என்றார் தலைவர். "டைம் அவுட்டைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லவும் இடமில்ல. பத்து நாள் கழிச்சு வாங்க, எல்லாருக்கும் தண்டனை உண்டு. தம்பி, அதுவரைக்கும் உன் கையெழுத்து செல்லும். பத்திரமாப் பாத்துக்க." கட்டம் அணைந்தது.

நான் கையுறையை எடுத்தேன். டைம் அவுட்டில் பயிற்சியாளர் தொடலாம், பேசலாம், யாரும் சைரன் ஊத முடியாது. நாலாம் நம்பரைத் திருப்பினேன். கையை விட்டு மூடினேன். இறுக்கிப் பிடித்தேன்.

மாஸ்க்குக்குள்ளிருந்து மெலிந்த குரல் வந்தது. "டீச்சர்தான?"

"எப்படிடி கண்டுபிடிச்ச?"

"சனிக்கிழமையும் ஒரு தடவை இப்படித்தான் பிடிச்சீங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "கொஞ்சம் லூஸா பிடிங்க டீச்சர், வலிக்குது. நான் எங்கயும் ஓடிர மாட்டேன்."